வண்டியில் வசனம் ஒட்டிய கடைக்காரன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், கிறிஸ்தவர்கள் வண்டியிலும் வாசல் கதவிலும் கடைக் கல்லாவிலும் வசனம் ஒட்டிவைக்கிறார்களே, வண்டி ஓட்டுவதிலும் எடை போடுவதிலும் மற்றவர்களைவிட என்ன வித்தியாசமாக இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். நான் பசுமலைக்கும் பழங்காநத்தத்துக்கும் நடுவில் 31 வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். வண்டியிலும் வசனம் இருக்கிறது, கல்லாவுக்கு மேலேயும் இருக்கிறது. வாசித்ததும் சுருக்கென்றது. அன்றைக்கே உட்கார்ந்து கோபமாக ஒரு பக்கம் பதில் எழுதினேன், அப்புறம் கிழித்துப் போட்டேன், ஏனென்றால் அவர் கேட்டதில் முக்கால்வாசி உண்மை.

என் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியின் முன் மட்கார்டில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஒட்டியிருக்கும். ஒருநாள் காலையில் கீழமாசி வீதியில் பருப்பு மூட்டைக்குச் சொல்லிவிட்டு வருகிற அவசரத்தில், பழங்காநத்தம் சிக்னலில் சிவப்பு விழுந்த பிறகு உள்ளே புகுந்துவிட்டேன். குறுக்கே வந்த ஆட்டோக்காரர் பிரேக் அடித்து நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தால், மட்கார்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏண்ணே, மேய்ப்பரு செவப்பு லைட்டுலயே போகச் சொல்லிட்டாரா?" என்றார். சிக்னலில் நின்ற கூட்டம் மொத்தமும் சிரித்தது. கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் மறந்திருப்பேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "ஒண்ணு ஸ்டிக்கரக் கிழிங்க, இல்ல சிக்னல்ல நில்லுங்க" என்றாள். நான் சொல்ல வருவதும் ஏறக்குறைய அதுதான். அவளுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது, எனக்கு இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள், சர்ச்சை வேதக்கோவில் என்பார்கள். பசுமலையில் அந்தச் சொல்லுக்கு வயது அதிகம். அமெரிக்கன் மிஷன் மதுரைக்கு வந்தது 1834இல். 1881இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரிதான் பிற்பாடு ஊருக்குள் போய் இன்றைய அமெரிக்கன் கல்லூரி ஆனது. அப்போதிருந்தே வேதக்காரர் என்றால் ஊருக்கு ஓர் எதிர்பார்ப்பு உண்டு: பொய் சொல்ல மாட்டார், பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பார், வாங்கின கடனைத் திருப்பிக் கொடுப்பார். என் கடைக்குப் புதிதாக வந்த ஒருவர் மீதிச் சில்லறையை எண்ணாமல் சட்டைப் பையில் போட்டார். எண்ணிப் பாருங்கள் என்றேன். "வேதக்காரர் கடைதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை. எனக்கு முந்தி இந்தத் தெருக்களில் இருந்த வாத்தியார்களும் நர்சுகளும் கணக்குப்பிள்ளைகளும் சேர்த்துவைத்த முதல் அது. அதிலிருந்து நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எடுத்த அளவுக்கு ஏதாவது போட்டேனா என்பதுதான் அந்த வாசகர் கேட்ட கேள்வி என்று எனக்குப் பட்டது.

கடையைப் பற்றியே சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். மின்னணுத் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை போட வேண்டும். முத்திரை போட்ட தராசிலும் ஏமாற்றலாம். தட்டில் காலி டப்பாவை வைத்துவிட்டு, அதன் எடையைப் பூஜ்யம் ஆக்காமல் சரக்கைக் கொட்டினால் 50 கிராம் போய்விடும். பேசிக்கொண்டே நிறுத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நாளைக்கு 100 பேர் வந்தால் 5 கிலோ. நான் தொழில் பழகிய கடையில் முதலாளி இதை எனக்கு ஏதோ குலவித்தை மாதிரி சொல்லிக்கொடுத்தார். அவரும் வேதக்காரர்தான், ஞாயிற்றுக்கிழமை முன்வரிசை. நீதிமொழிகள் 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனமே, "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்பது. சுமுத்திரை என்ற சொல்லை எங்கள் பழைய வேதாகமத்தைத் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை, ஆனால் முத்திரை ஆய்வாளர் வந்துபோகிற கடையில் இருப்பவனுக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டாம். இந்த வசனத்தை ஒரு வண்டியிலும் நான் பார்த்ததில்லை. ஒட்டுவது பூராவும் ஆசீர்வாத வசனமாகப் பார்த்துத்தான் ஒட்டுகிறோம்.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நேர்மையை யாரும் வேதக்காரர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. என் கடைக்கு எதிரே பூ விற்கிற அம்மா நெற்றி நிறைய திருநீறு பூசி, மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குவார். முழம் போடும்போது முழங்கையை மடக்கிச் சுருக்க மாட்டார், விரல் நுனி தாண்டி இரண்டு பூ விழுந்த பிறகுதான் நறுக்குவார். ஒருநாள் நான் 100 ரூபாய் என்று நினைத்து 500 ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மத்தியான வெயிலில் சாலையைத் தாண்டி வந்து, "அண்ணாச்சி, கண்ணாடிய மாத்துங்க" என்று மீதியைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார். டப்பா எடையைப் பூஜ்யம் ஆக்க என்னைப் பழக்கியதில் அந்த அம்மாவுக்கும் பங்கு இருக்கிறது. இதைச் சபையில் சாட்சி சொல்லும்போது சொன்னேன், ஒரு பெரியவருக்குப் பிடிக்கவில்லை.

எல்லா விஷயமும் தராசு மாதிரி முள்ளைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றும் இல்லை. 2022 ஜூலையில் பையில் அடைத்துப் பெயர் போட்ட அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தார்கள், 25ஐத் தாண்டிவிட்டால் அந்த வரி இல்லை. நானும் விற்கிறேன். சட்டப்படி சரி, வாங்குகிறவருக்கும் மிச்சம். என் மனைவிதான் அந்த மூட்டையைத் தாண்டும்போதெல்லாம் "இராயனுடையதை இராயனுக்கு" என்று, வரியை அரசனுக்குக் கொடு என்கிற வசனத்தை முணுமுணுப்பாள். எங்கள் வீட்டில் அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

இனி என் தப்பு ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. லாரியில் 80 மூட்டை வந்து இறங்கியது. வழக்கமான லோடுமேன்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள், சேடபட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். 50 வயது இருக்கும். துண்டை முறுக்கிச் சும்மாடு கூட்டுகிற விதத்திலேயே பழைய கை என்று தெரிந்தது. ஒரு மூட்டை கிழியாமல், ஒரு மணி சிந்தாமல் இறக்கி அடுக்கினார்கள். வேலை முடிய 5 மணி ஆனது. கல்லாவில் பணம் இருந்தது, ஆனால் அது திங்கட்கிழமை எண்ணெய் டின்காரருக்கு ஒதுக்கியது. "திங்கக்கிழமை வந்து வாங்கிக்கங்கண்ணே" என்றேன். கூட வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே டீக்கடைப் பக்கம் போனார். இவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு 6 மணிக்குப் பாடகர் குழுப் பயிற்சி. ஷட்டரைப் பாதி இறக்கினேன். அவர் நகரவில்லை. சும்மாட்டுத் துண்டை உதறுவதும் மடிப்பதும் மறுபடி பிரிப்பதுமாக இருந்தார். என்னண்ணே என்று கேட்டேன். "இல்ல அண்ணாச்சி, வேதக்காரரு கடைன்னு சொன்னாக. பொழுது சாயறதுக்குள்ள கையில குடுத்துருவாருன்னு சொன்னாக. அதான், பேரனுக்கு நாளைக்குப் பொறந்தநாளு, சட்ட எடுத்துட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். கோபமே இல்லை. முகவரியைத் தப்பாக விசாரித்துக்கொண்டு வேறு தெருவுக்கு வந்துவிட்டவர் மாதிரி சொன்னார்.

கூலிக்காரனுடைய கூலியைப் பொழுதுபோகுமுன்னே, அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24இல் இருக்கிறது. அதை நான் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நடத்தியே இருக்கிறேன், கரும்பலகையில் மலையும் பாதிச் சூரியனும் வரைந்து, சூரியன் இறங்குவதற்குள் காசு கொடுக்கிற முதலாளியை வரைந்து. முதலாளிக்கு மீசை வைக்கச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டது வரை நினைவிருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நிஜச் சூரியன் பசுமலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, நான் ஷட்டர் சாவியோடு நின்றுகொண்டிருந்தேன்.

கொடுத்தேன். குற்ற உணர்ச்சியில் 100 ரூபாய் சேர்த்து நீட்டினேன். "கூலி மட்டும் குடுங்க அண்ணாச்சி" என்று அதைத் திருப்பிவிட்டார். டீக்கடையில் இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டு அவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறப் போனார். எண்ணெய்க்காரர் திங்கட்கிழமை கொஞ்சம் சத்தம் போட்டார், புதன்கிழமை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். இத்தனை சின்னச் சிரமத்துக்காக ஒரு மனிதரை இரண்டு நாள் அலையவிடப் பார்த்தேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அவர் இப்போது எங்கள் கடைக்கு வாடிக்கையான ஆள். ஒருநாள் டீ குடிக்கும்போது அவருடைய பெரியப்பா பெயர் ரோசாப்பூ என்றார். ஆம்பளைக்கு ரோசாப்பூவா என்று சிரித்துவிட்டேன். "சிரிக்காதீக அண்ணாச்சி, அது வக்கீல் தொரை பேரு. உங்க வேதக்காரருதான்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் சொல்வது ஜார்ஜ் ஜோசப்பை என்று. யானைக்கல்லில் சிலை இருக்கிறது, எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஜார்ஜ் ஜோசப் 1887இல் செங்கன்னூரில் பிறந்தவர், லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்து மதுரையில் வக்கீலாக இருந்தவர். குற்றப் பரம்பரைச் சட்டம், எங்கள் பக்கம் ரேகைச் சட்டம் என்பார்கள், பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி, ஆண்களைக் கைரேகை வைக்கச் சொல்லி, ராத்திரியானால் காவலில் வந்து படுக்கச் சொன்ன காலம். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். அந்த மக்களுக்காகக் கோர்ட்டில் நின்றவர், பத்திரிகைகளில் எழுதியவர் ஜார்ஜ் ஜோசப். 1924இல், கோவிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக் கூடாது என்பதை எதிர்த்த வைக்கம் போராட்டத்துக்குப் போனார். இது இந்துக்கள் செய்ய வேண்டிய பரிகாரம், நீங்கள் ஒதுங்கி இருங்கள் என்று காந்தியே எழுதினார், இவரோ அங்கே ஜெயிலுக்குப் போனார். 1938இல் மதுரையிலேயே காலமானார். கோட்டில் ரோஜா குத்தியிருப்பார் என்பதால் ரோசாப்பூ துரை என்பார்கள், ஜோசப் என்பது வாயில் நுழையாமல் அப்படி ஆனது என்றும் சொல்வார்கள்.

அந்த மக்கள் இருக்கிற உசிலம்பட்டிப் பக்கம் அவர் யாரையாவது ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னார் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் தங்கள் குலசாமியை விடவும் இல்லை, பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான். எங்கள் நற்செய்திக் கூட்ட அறிக்கைகளில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்று கை தூக்கினார்கள் என்று இரண்டு கட்டம் இருக்கும். சேடபட்டியில் ஒரு பெரியப்பாவுக்கு ரோசாப்பூ என்று பெயர் இருப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பெயர் தெரியாத ரோசாப்பூக்களும் உண்டு. எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் ஓர் அக்கா வியாழக்கிழமை தவறாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போவார். வாலிபர்கள் கட்டில் கட்டிலாக நற்செய்தி அச்சடித்த கைப்பிரதி வைத்துவிட்டு அரை மணியில் திரும்பிவிடுவார்கள் (அந்தத் தாளில் மாத்திரையை மடித்து வைத்திருப்பதை நானே பார்த்தேன், நல்ல கெட்டித் தாள்). அக்கா இரண்டு பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவார். துணைக்கு ஒற்றை ஆளாக இருக்கிற பெண்ணுக்குப் பெரிய கஷ்டம், நோயாளியை விட்டுவிட்டுக் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது. "நீ போய்க் குளிச்சிட்டு வாம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் கூடப் போயிருந்த அன்றைக்கு அலங்காநல்லூர்க்கார அம்மா ஒருவர், "நீங்க எந்தச் சங்கம்மா?" என்று கேட்டார். "பழங்காநத்தம்மா, பஸ்ஸுல வந்தேன்" என்றார் அக்கா. திரும்பும்போது நான், ஒரு வார்த்தை ஆண்டவரைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்றேன். "கேட்டா சொல்லுவேன். அவ குளிச்சு மூணு நாளாச்சு" என்றார்.

ஒலிபெருக்கி பற்றியும் அந்த வாசகர் எழுதியிருந்தார், அதில் எனக்கு வாதாட எதுவும் இல்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை வைக்கக் கூடாது என்று சட்டம். கிறிஸ்துமஸ் கேரல் என்று ராத்திரி ஒரு மணிக்கு டிரம்ஸோடு தெருவில் இறங்குகிறோம், அந்தக் கோஷ்டியில் நானே பத்து வருடம் போயிருக்கிறேன். மற்றவர்களும் வைக்கிறார்களே என்பது பதில் ஆகாது. போன டிசம்பரில் எங்கள் தெருவுக்கு மட்டும் மைக் இல்லாமல் பாடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தோம், பாடினார்கள், பக்கத்து வீட்டு மாமி கதவைத் திறந்து வந்து ஒரு பாட்டு கூடக் கேட்டார்.

வைகாசி விசாகத்துக்கு எங்கள் சாலை வழியாகத்தான் திருப்பரங்குன்றத்துக்குப் பால்குடம் போகும். தார் ரோடு, வெறுங்கால், வெயில். கடை வாசலில் இரண்டு பானையில் தண்ணீர் வைப்பேன், ரோட்டில் நாலு வாளி ஊற்றிவிடச் சொல்வேன். வேறு சாமிக்குப் போகிற கூட்டத்துக்கு ஊழியமா என்று சபையில் ஒருவர் கேட்டார். "தாகமாயிருந்தேன், என் தாகத்தைத் தீர்த்தீர்கள்" என்று சொன்னவர், எங்கே போகிற வழியில் தாகம் எடுத்தது என்று கேட்டதாக மத்தேயுவில் இல்லை என்றேன். அத்தோடு விட்டுவிட்டார். விடவில்லை, போதகரிடம் போய்ச் சொன்னார், போதகர் வந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

இதுவரை எழுதியது ஓரளவு எளிதான சங்கதி. தண்ணீர் ஊற்றலாம், கூலியை நேரத்துக்குக் கொடுக்கலாம். எங்கள் ஆட்கள் எல்லாரும், நானும் சேர்த்துத்தான், வழுக்கி விழுகிற இடம் வேறு. அதற்கு உங்கள் பத்திரிகையிலேயே அத்தாட்சி இருக்கிறது.

மதுரையில் சமயத்தை நடத்தையில்தான் எடை போடுவார்கள் என்பது 400 வருடப் பழைய பாடம். 1606இல் இங்கே வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி கண்டது என்ன? கிறிஸ்தவன் என்றால் பரங்கி, அதாவது வெள்ளைக்காரன், பரங்கி என்றால் இறைச்சியும் சாராயமும் என்ற எண்ணம். அவர் பிரசங்கத்துக்கு முன் தன் சாப்பாட்டையும் உடுப்பையும் மாற்றினார். காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்தார், தத்துவ போதகர் என்று பெயர் எடுத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் ஊரோடு ஒத்துப்போகிறேன் என்று சாதியையும் சேர்த்தே உள்ளே விட்டார். மேல்சாதிக்காரர்களுக்குத் தனிக் கோவில், அதற்கு முன்பே இங்கிருந்த பரவர் கிறிஸ்தவர்களோடு ஒட்டு உறவு இல்லை. அப்புறம் வந்த எத்தனையோ சபைகள் அவரோடு பல விஷயத்தில் சண்டை போட்டன. இந்த ஒன்றை மட்டும் பல இடங்களில் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மணமக்கள் பக்கத்தில் கிறிஸ்தவ வரன்கள் என்ற பகுதியை எடுத்துப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்ட, மறுபடியும் பிறந்த மணமகள் தேவை" என்று ஆரம்பித்து, அடுத்த வரியிலேயே சாதி, அதற்குள் உட்பிரிவு. மறுபடியும் பிறந்தவருக்கு உட்பிரிவு எங்கிருந்து வந்தது? "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்று கலாத்தியரில் வாசித்துவிட்டு வருகிறோம், வீட்டுக்கு வந்ததும் தரகரிடம் முதலில் கேட்பது அதைத்தான்.

என் மூத்த மகளுக்கு 9 வருடத்துக்கு முன் விளம்பரம் கொடுத்தபோது நானும் சாதி போட்டேன். தயங்கக்கூட இல்லை, அப்பா பெயர் போடுவது மாதிரி போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணை கேட்கவில்லை, "உங்க பொண்ணுக்கு நீங்க போடுறதப் போடுங்க" என்றார்கள். அந்த வாக்கியத்துக்கு எத்தனை பவுன் அர்த்தம் என்று மதுரையில் எல்லாருக்கும் தெரியும், 1961இலேயே வந்த வரதட்சணைத் தடைச் சட்டம் ஒரு ஓரமாகக் கிடக்கும். கடையை அடகு வைத்துத்தான் போட்டேன்.

இளையவள் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். இந்த வருடம் அவளுக்குப் பார்க்கலாம் என்று பேச்சு எடுத்ததும், "அப்பா, இந்தத் தடவை அந்த வரிய எடுத்துருங்க. நகையும் அக்காவுக்குப் போட்ட மாதிரி போட வேண்டாம். போட்டா நான் வரல" என்றாள். மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். எனக்கே இவ்வளவு தயக்கம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தெருவில் யாருக்கும் தண்ணீர் கொடுக்கக் கைநீள்கிற எனக்கு, யாரும் சம்பந்தியாக வரலாம் என்றதும் வயிற்றைப் பிசைந்தது. அண்ணனிடம் சொன்னேன். "நம்ம சனத்துல மாப்பிள்ளையே இல்லாமப் போச்சா?" என்று கத்திவிட்டு, அன்றிலிருந்து பேசவில்லை. அவர் எங்கள் சபையில் ஜெபக்குழு நடத்துகிறவர், நல்ல மனிதர், கொரோனா சமயத்தில் தெருத்தெருவாகச் சாப்பாடு கொடுத்தவர்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விளம்பரம் கொடுக்கப் போனேன். கவுன்டரில் இருந்த தம்பி படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து, "சார், கம்யூனிட்டி?" என்றார். வேண்டாம் தம்பி, விட்டுருங்க என்றேன்.

"கிறிஸ்டியன்ல எது சார்?"

"கிறிஸ்டியன்லயும் கிறிஸ்டியன்தான்."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காலியா விட்டா ஃபோனே வராது சார், காசு வேஸ்ட். சாதி தடையில்லைன்னு வேணா போடவா?" போடுங்கள் என்றேன். பக்கத்தில் ஆள் இல்லையா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ரெண்டாங் கல்யாணம், வயசு கூடிப்போனவங்கதான் சார் அப்படிப் போடுவாங்க. பொண்ணுக்கு ஏதோ கொறைன்னு நெனச்சிருவாங்க" என்றார். அக்கறையில்தான் சொன்னார், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, அவங்க அப்பாவுக்குத்தான் இருந்தது, இப்பத்தான் மருந்து சாப்பிடுறாரு என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, சிரித்துக்கொண்டே ரசீது போட்டார்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் படிவத்தில் சாதிக் கட்டத்துக்குப் பக்கத்தில் "விரும்பினால் மட்டும்" என்று இரண்டு வார்த்தை அச்சடியுங்கள். எதையும் தடை செய்யச் சொல்லவில்லை. காலியாக விட நினைக்கிறவர் கவுன்டரில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

மூத்தவள் விளம்பரத்துக்கு முதல் ஞாயிறே நாற்பது போன் வந்தது. இதற்கு மூன்று வாரத்தில் ஏழு. அதில் நாலு பேர், "தடையில்லைன்னு போட்டிருக்கீங்க, நல்லது சார், இருந்தாலும் நீங்க எந்த..." என்று இழுத்தார்கள். எனக்கே அந்த இழுவை நல்ல பழக்கம் என்பதால் கோபம் வரவில்லை. ஒருவர் ராங் நம்பர். ஒருவர் ஜாதகம் கேட்டார். ஏழாவது போன் தேனியிலிருந்து, பையனின் அம்மா பேசினார், பள்ளிக்கூட ஆசிரியை. பெண்ணுக்கு நைட் டியூட்டி மாதத்தில் எத்தனை நாள், அதற்கு ஏற்ற மாதிரி இவன் லீவு போட முடியுமா என்றுதான் கேட்டார். பையனுக்குச் சாம்பார் வைக்கத் தெரியும், ரசம் சுமார் என்றும் சொன்னார்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறார்கள். அண்ணனுக்கு மகளே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், வாசலில் நிற்க வைத்தே பேசினாராம், காபி மட்டும் கொடுத்தாராம். காபி கொடுத்தார் என்றால் வருவார் என்கிறாள் என் மனைவி.

இப்படிக்கு,
பலசரக்குக் கடைக்காரர் ஒருவர்,
பசுமலை, மதுரை.